ஏரிக்கரை வீட்டுக்குக் கிளம்பும் முன்: வாசகர் கேள்வி–பதில்

கேரளத்து இடுக்கி மலையில் பூப்பாறைப் பக்கம், ஏரி தெரியும் மேட்டில் ஒரு வீட்டைக் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்கிறேன். சமையல், சாவி, வெந்நீர், வழி சொல்வது எல்லாம் என் பொறுப்பு. லீவு நெருங்க நெருங்க வந்து சேர்ந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, மே மாதம் மாமியார், நாத்தனார் குடும்பம் எல்லாரும் சேர்ந்து 11 பேர் கிளம்புகிறோம். ஆனையிறங்கல் ஏரிக்கரையில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். போட்டோவில் தண்ணீர் வீட்டை ஒட்டி நிற்கிறது. அட்வான்ஸ் போடும் முன் என்ன கேட்க வேண்டும்? – வாசகி, உசிலம்பட்டி

பதில்: அந்த போட்டோ எந்த மாதம் எடுத்தது என்று முதலில் கேளுங்கள் தங்கச்சி. ஆனையிறங்கல், பன்னியாறு மின் திட்டத்துக்காகக் கட்டிய மண் அணையில் தேங்கும் தண்ணீர். இங்கே எல்லாரும் டேம் என்றுதான் சொல்லுவோம். மின்சாரத்துக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க மட்டம் இறங்கும். துலாமழை, அதாவது ஐப்பசி மழை, பெய்து முடிந்த நவம்பர், டிசம்பரில் பெரும்பாலும் தேயிலைச் செடியின் காலடி வரைக்கும் தண்ணீர் ஏறி நிற்கும். நீங்கள் வரப்போகிற மே மாதத்தில் அதே தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்விடும். கரை முழுக்கச் செம்மண் வரிவரியாகத் தெரியும், நடுவில் பழைய மரக்கட்டைகள் தலை நீட்டும். அதுவும் பார்க்க அழகுதான். புல் முளைத்த அந்த மண்திட்டில்தான் சாயங்காலம் ஆனைகள் இறங்கும். ஆனால் பிள்ளைகளிடம் “வாசலிலேயே தண்ணீர்” என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டால் அவர்கள் முகம் வாடிப்போகும். போன வாரம் எடுத்த போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையாக வீடு விடுகிறவர்கள் உடனே எடுத்து அனுப்புவார்கள்.

அடுத்தது மாமியாருக்காகக் கேட்க வேண்டியது. கார் நிற்கிற இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி? எங்கள் பக்கம் வீடுகள் எல்லாம் சரிவில் கட்டியவை. ரோட்டிலிருந்து பார்த்தால் தரைத்தளம் மாதிரி இருக்கும், படுக்கை அறையோ ஒரு மாடி கீழே இருக்கும். கடைசிக் கொஞ்ச தூரம் ஜீப் மட்டும்தான் போகும் என்கிற வீடுகளும் உண்டு. அப்படியானால் ஜீப் வாடகை யார் கணக்கு என்பதையும் சேர்த்தே பேசிவிடுங்கள். பெரியவர்கள் படுக்கிற அறையை ஒட்டியே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்க வேண்டும். மே மாதத்திலும் ராத்திரி குளிரும். வயதானவர்கள் இரவில் எழுந்து தாழ்வாரம் வழியாக நடந்து போகும்படி இருக்கக் கூடாது.

11 பேருக்கு எத்தனை கட்டில், எத்தனை தரைமெத்தை என்று பிரித்துக் கேளுங்கள். “12 பேர் தங்கலாம்” என்கிற விளம்பரத்தில் பாதி தரைமெத்தையாக இருக்கும். கம்பளி எத்தனை இருக்கிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். கெய்சர் ஒன்றா இரண்டா, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எதற்கெல்லாம் ஓடும், இதெல்லாம் போனில் ஐந்து நிமிஷப் பேச்சு. கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்கிறவர், நீங்கள் வந்து இறங்கிய பிறகும் அப்படித்தான் இருப்பார்.

கேள்வி: போன வருஷம் ஒரு ஏரிக்கரை வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். எல்லாரும் நன்றாக இருந்தது என்கிறார்கள். நானும் என் நாத்தனாரும் மூன்று நாளும் அடுப்படியில்தான் நின்றோம். இந்த வருஷமும் போகலாம் என்று பேச்சு வருகிறது. எனக்குப் போகவே மனசில்லை. – வாசகி, தேனி

பதில்: உங்கள் கடிதத்தை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன் அம்மா. இதைத்தான் நான் வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். கார் வந்து நிற்கும். ஆண்கள் ஏரியைப் பார்க்கப் போவார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள், பெண்கள் நேராக அடுப்படிக்கு வந்து “கேஸ் எங்கே, பெரிய குக்கர் இருக்கா” என்று கேட்பார்கள். வாடகைப் பணத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அந்தத் தண்ணீரைப் பார்த்து உட்கார அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

வீடு முழுதாக வாடகைக்கு எடுக்கும்போது சமையல் செலவு மிச்சம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அந்த மிச்சம் யாருடைய உடம்பிலிருந்து வருகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. நீங்கள் வீட்டில் இப்படிப் பேசிப் பாருங்கள்: வாடகையோடு சமையல்காரருக்கான கூலியையும் சேர்த்தே பட்ஜெட் போடுவோம், அது முடியாதென்றால் ஒரு நாள் குறைத்துப் போவோம். மூன்று நாள் அடுப்படியில் நிற்பதைவிட இரண்டு நாள் உட்கார்ந்து சாப்பிட்டு வருவது எவ்வளவோ மேல். எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் வீட்டுக்கே வந்து சமைத்துக் கொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஏலத் தோட்டத்தில் வேலை குறைகிற நாட்களில் அவர்களுக்கும் அது ஒரு வருமானம். வீடு பேசும்போதே “சமைக்க ஆள் உண்டா, ஒரு நேரத்துக்கு எவ்வளவு, சாமான் யார் வாங்குவது” என்று கேட்டு முடித்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே தாளிப்பது தேங்காய் எண்ணெயில். நம் பக்கத்து வயசானவர்கள் சிலருக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது. ஒரு லிட்டர் கடலெண்ணெய் கொண்டு வந்து கையில் கொடுத்தால் அதிலேயே செய்து தருவார்கள். அரிசியும் அப்படித்தான். கேட்காவிட்டால் சிவந்த மட்டை அரிசிச் சோறுதான் வரும்.

இட்லி மாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்தியானம் அரைத்த மாவை டப்பாவில் முட்ட ஊற்றி மூடி வருவார்கள். போடியின் வெயிலில் அது பொங்கத் தொடங்கி, போடிமெட்டு ஏறும் மலைப்பாதை வளைவுகளில் குலுங்கி டிக்கி முழுக்க வழிந்திருக்கும். அதற்குப் பயந்து அரைத்த உடனே ஐஸில் வைத்துக் கொண்டு வந்தால் இங்கே குளிரில் மறுநாள் காலை வரை அசையாமல் கிடக்கும், ஊற்றினால் இட்லி கல்லாகத்தான் வரும். கொண்டு வந்தே ஆக வேண்டும் என்றால் டப்பாவில் பாதி அளவு ஊற்றுங்கள், வந்ததும் எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் துணி சுற்றி வையுங்கள். என்னைக் கேட்டால் மாவே வேண்டாம். புட்டும் கடலைக்கறியும் அரை மணியில் ஆகிவிடும், பிள்ளைகளுக்குப் பழமும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தால் மறுபேச்சு இருக்காது. ஒரு வேளை கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும். ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும் அப்பளமும். இந்தக் குளிருக்கு அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் சொல்லியும் வீட்டில் யாரும் காது கொடுக்கவில்லை என்றால், இந்தப் பக்கத்தை வெட்டி சாப்பாட்டு மேஜையில் வையுங்கள். நான் சொன்னதாகவே இருக்கட்டும்.

கேள்வி: தேக்கடி ஏரிக் கரையிலேயே தனி வீடு, குறைந்த வாடகை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா? – வாசகர், கம்பம்

பதில்: நம்ப வேண்டாம் தம்பி. தேக்கடி ஏரி 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியதால் உண்டானது என்று கம்பத்துக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதன் கரை முழுக்கப் புலிகள் காப்பகத்துக் காடு. உள்ளே தங்குகிற இடம் என்று ஆரண்ய நிவாஸ், பெரியார் ஹவுஸ், லேக் பேலஸ் என கேரள அரசின் சுற்றுலாக் கழகத்து ஓட்டல்கள் இருக்கின்றன. தனியார் வீடுகள் எல்லாம் செக்போஸ்ட்டுக்கு வெளியே குமுளியில். அங்கே நல்ல வீடுகள் நிறைய உண்டு, காடு பார்த்த வீடுகளும் உண்டு. ஏரிக்கரை என்று சொல்லி விற்றால் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள், மேப்பில் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கு முன் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் குடும்பத்தோடு வருகிறோம். ஏரியில் பிள்ளைகள் குளிக்கலாமா? ராத்திரி கேம்ப் ஃபயர் போடலாமா? ஆனை வரும் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: மூன்றாவது கேள்வியிலிருந்து வருகிறேன். உண்மைதான் தம்பி. சின்னக்கானல், சூரியநெல்லி, ஆனையிறங்கல் எல்லாமே ஆனை நடமாட்டம் உள்ள இடம். 2023 ஏப்ரல் கடைசியில் அரிக்கொம்பன் என்கிற ஆனையை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது இந்தச் சின்னக்கானல் பக்கத்தில்தான். பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதத்தில் அது கம்பம் டவுனுக்குள்ளேயே வந்து நின்றதும், ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் கோதையாறு மலையில் விட்டதும் நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஒன்று போனதால் மற்றவை போய்விடவில்லை. கூட்டம் கூட்டமாகக் குட்டியோடு இன்றும் தண்ணீருக்கு வருகின்றன. ஏரியை நீந்திக் கடந்து அக்கரைப் புல்லுக்குப் போகும். துதிக்கை மட்டும் வெளியே தெரிய, குட்டியை நடுவில் விட்டு அவை போகிற அந்தக் காட்சியை எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தே பிள்ளைகளுக்குக் காட்டலாம். அந்தத் தூரம் போதும்.

பொழுது சாய்ந்தபின் ஏரிப் பக்கம் இறங்கவே கூடாது. வீட்டு வாசலைத் தாண்டி நடக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் காரில் போங்கள். டார்ச்சை ஆனை முகத்தில் அடித்துப் பார்ப்பது, பட்டாசு போடுவது, வீடியோவுக்காகக் கிட்டே போவது, இந்த மூன்றாலும் ஆபத்து நமக்கு மட்டும் இல்லை. கோபம் ஏறிய ஆனை அடுத்த நாள் காலையில் வேலைக்கு நடந்து போகிற தோட்டக்காரப் பெண்ணின் எதிரில் நிற்கும். நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், அவளுக்குத் தினமும் அதே வழிதான். பலாப்பழம், வாழைத்தார் எதையும் வெளியே வைக்காதீர்கள், காரிலும் வைக்காதீர்கள். பழுத்த பலாவின் வாசனை எங்கேயிருந்தாலும் அவற்றுக்குத் தெரியும்.

கேம்ப் ஃபயர் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் பொறுத்தது. எங்கள் வீட்டில் முற்றத்துக்குள் சின்னதாக, எட்டு மணிக்குள் அணைத்துவிட வேண்டும். கோடையில் புல் காய்ந்திருந்தால் அதுவும் கிடையாது. ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட நான் விடுவதே இல்லை.

குளிப்பது கண்டிப்பாகக் கூடாது. டேம் தண்ணீர் பார்க்கத்தான் அசையாமல் இருக்கும். கரையில் நாலடி வரை முழங்கால் ஆழம், அடுத்த அடியில் பள்ளம். அடியில் சேறு, கால் வைத்தால் இழுக்கும். வெட்டாமல் விட்ட மரக்கட்டை எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. நீச்சல் தெரிந்தவர் என்பதெல்லாம் அங்கே செல்லாது. பிள்ளைகளுக்குப் படகு வேண்டுமென்றால் மூணாறு பக்கம் மாட்டுப்பட்டிக்கோ குண்டளைக்கோ கூட்டிப் போங்கள். ஆனையிறங்கலில் ஆனைகளை முன்னிட்டுப் படகு ஓடாத காலம் உண்டு என்பதால் இங்கே படகு என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். எங்கே ஏறினாலும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, வார் இழுத்துக் கட்டிய பிறகுதான் கரையை விட்டுக் கிளம்ப வேண்டும். படகு நகரும்போது எழுந்து ஒரு பக்கமாக ஓடாதீர்கள். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். விலங்கு பார்க்க ஒரே பக்கம் கூடியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வருஷம் இந்த மலை முழுக்க யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கேள்வி: அம்மா, எனக்கு 74 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. பேரப்பிள்ளைகள் ஏரிக்கரை வீடு என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். உங்கள் வீடு எங்களுக்குச் சரிப்படுமா? – வாசகர், ராஜபாளையம்

பதில்: ஐயா, எங்கள் வீடு அம்மாவுக்குச் சரிப்படாது. படி இறங்காமல் ஏரியைப் பார்க்கலாம்தான், ஆனால் வாசலை விட்டு எங்கே போவதென்றாலும் ஏற்றம் இறக்கம். குளிர் வேறு முழங்காலைப் பிடிக்கும். மெட்டு ஏறுவது 17 கொண்டை ஊசி வளைவு. தலைசுற்றல் இருப்பவர்களுக்கு அது ஒரு பாடு.

உங்களுக்குக் கேரளக் கடலோரப் பக்கத்து உப்பங்கழி ஏரியான வேம்பநாட்டுக் காயல் நல்லது. குமரகம் பக்கம் நிலம் சமதரை. கார் வாசல் வரை போகும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிரே தண்ணீர்தான், குளிரும் கிடையாது. கரையில் கல் கட்டி விட்டிருப்பார்கள், தடுப்புக் கம்பி இருக்காது, ஆகவே சின்னப் பிள்ளைகள் இருந்தால் கேட் உள்ள வீடாகக் கேளுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். உப்புத்தண்ணீர் வயலுக்குள் ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டரை வழக்கமாக டிசம்பர் நடுவில் அடைத்து ஏப்ரல் வாக்கில் திறப்பார்கள். அடைத்திருக்கும் மாதங்களில் தண்ணீர் ஓட்டமில்லாமல் நிற்கும், ஆகாயத்தாமரை அடைந்து கிடக்கும் இடங்களும் உண்டு. வீட்டு முன்னால் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று அந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். கொசுவலையும் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் குடும்பம் அதே வளாகத்தில் குடியிருக்கிற ஹோம்ஸ்டேயாகப் பாருங்கள். கேரள சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களுக்கு டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் கொடுக்கிறது. அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம். அம்மாவுக்கு ராத்திரி ஏதாவது என்றால் பக்கத்தில் உள்ளூர் ஆள் ஒருவர் இருப்பது பெரிய தைரியம்.

கேள்வி: ஜூலை மாதம் வாடகை குறைவு என்று புக் செய்தோம். மழை அலர்ட் வந்ததால் போகவில்லை. அட்வான்ஸைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். இது நியாயமா? – வாசகர், மதுரை

பதில்: நியாயம் இல்லை. ஆனால் எழுதி வாங்காமல் விட்டால் கேட்பதற்கும் பிடிமானம் இல்லாமல் போகிறது. அடுத்த முறை பணம் போடும் முன் மெசேஜிலாவது ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்: “இடுக்கி மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது ரெட் அலர்ட் இருந்தால், இல்லை ரோடு மூடியிருந்தால், முழுப் பணமும் திரும்ப வரும் அல்லது வேறு தேதி கிடைக்கும்.” ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று அர்த்தம். அந்த மாதிரி நாளில் மலைப்பாதையில் ராத்திரிப் போக்குவரத்தை மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிடும், படகும் நிற்கும். மூணாறுக்கும் பூப்பாறைக்கும் நடுவில் கேப் ரோட்டில் 2019, 2020 வருஷங்களில் மலையே சரிந்து ரோட்டை மூடியது.

நான் ரெட் அலர்ட் வந்தால் நானாகவே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிப் பணத்தை அனுப்பிவிடுவேன். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மேல் மலை இறங்கி 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள், தேயிலை கிள்ளிப் பிழைத்தவர்கள். கரண்டும் போனும் இல்லாததால் விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் மழையில் ஒரு குடும்பத்தைச் சரிவில் தூங்க வைத்துவிட்டு நான் நிம்மதியாகப் படுக்க முடியாது. ஒரு வாடகை போனால் போகட்டும்.

மழைக்காலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாதாரண மழையில் மலை அப்படிப் பச்சையாக இருக்கும். அட்டைக்குப் பயப்படாமல் உப்பும் பழைய சாக்ஸும் கொண்டு வாருங்கள். நின்று ரசிக்கத் தோதான காலம் செப்டம்பர் கடைசி, அப்புறம் டிசம்பர், ஜனவரி. தண்ணீரும் நிறைந்திருக்கும்.

கேள்வி: மலேசியாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது. அவர்களும் தங்கலாமா? – வாசகி, சின்னமனூர்

பதில்: தாராளமாக. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்கட்டும். சொல்லாமல் கூட்டி வந்தால் மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர்தான். சென்னையில் இறங்குகிறார்கள் என்றால் போடி வரைக்கும் ரயிலே வருகிறது. 2023 ஜூனிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஓடத் தொடங்கியது. போடியில் இறங்கி ஜீப் பிடித்தால் மெட்டு ஏறிவிடலாம்.

கேள்வி: வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆட்களுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டுமா? கிளம்பும்போது வீட்டை எப்படி விட்டு வருவது? – வாசகி, விருதுநகர்

பதில்: இதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு அம்மா. காவலுக்கு இருப்பவருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் இருக்கும். பாத்திரம் கழுவி, வீடு கூட்டி, மெத்தை உறை துவைக்க வருகிற பெண்ணுக்கு வேலை இருக்கிற நாளுக்குத்தான் கூலி. 11 பேர் படுத்த உறைகளையும் கம்பளியையும் மழையில் காயவைப்பது எவ்வளவு வேலை என்று உங்களுக்குத் தெரியும். முடிந்ததை அவர் கையிலேயே நேராகக் கொடுங்கள், வேறு யார் மூலமாகவும் வேண்டாம்.

குப்பையில் பிளாஸ்டிக்கைத் தனியாகக் கட்டி உங்கள் காரிலேயே எடுத்துப் போங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலும் கேரளத்தில் 2020 ஜனவரியிலும் ஒருமுறை தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தாயிற்று, ஆனாலும் ஏரிக் கரையில் நான் பொறுக்குவது அதைத்தான். தண்ணீருக்கு வருகிற ஆனை பிஸ்கட் கவரையும் சேர்த்து வாயில் போடும். மிச்சமான அரிசி, பருப்பு, எண்ணெய் இருந்தால் அந்தப் பெண்ணிடம் வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள். உடைந்த டம்ளர், அடைத்துக்கொண்ட குழாய் எதுவாக இருந்தாலும் போகும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடுத்த குடும்பம் அன்றைக்கு மத்தியானமே வந்துவிடும், பிளம்பர் ராஜாக்காட்டிலிருந்து வர வேண்டும்.